மருந்து பேசியதும் நான் பேசியதும்

தம்பி,

நாளைக் காலை டிபனுக்குப் பிறகு ஸ்டீராய்டு மாத்திரையை மறுபடி பெரிய அளவில் சாப்பிடத் தொடங்குகிறேன். முந்தாநாள் தலைவலி திரும்பி வந்தது. சீப்பு பட்டால் வலது பொட்டு வலிக்கிறது, சப்பாத்தியை நாலு தடவை மென்றால் தாடை சோர்ந்துபோகிறது. இன்று காலை கோயம்புத்தூரில் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, நாளைக் காலைக்கு மேல் தள்ள வேண்டாம் என்றார். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தள்ளி வைத்துவிடலாமா என்று நீ போனில் கேட்டதாக உன் அம்மா சொன்னாள். வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதையும், வேறு சிலவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போதே முடிவு செய்தேன். ரேவதியும் இதைப் படிக்கட்டும். இந்த வீட்டுக்கு வரப்போகிறவள் அவள். அவள் வீட்டார் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நடந்ததை நாம் மூன்று பேரும் மூன்று விதமாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். உனக்குத் தெரிந்தது மசினகுடியில் நடந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததும். இடையில் இருந்த நாட்கள் உன் அம்மாவுக்குத் தெரியும். எனக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் யாரிடமும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னதில்லை.

முதலில் என்னைப் பற்றி. முப்பத்தொரு வருடம் நான் குன்னூரைச் சுற்றிய தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினாலு வருடம் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகிறவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்தான் பொறுப்பு. குறையைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலையில் திறமை. சரியாக வந்த தூளைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள், கருகிய தூளைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். வீட்டிலும் நான் அப்படியே இருந்தேன். ஏழாம் வகுப்பில் நீ கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய தாளைக் கொண்டுவந்து காட்டினாய். நான் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப்பிழைகளை வட்டமிட்டு உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு நீ மசினகுடியில் ஒரு ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டப் போனபோது உன்னைத் திட்டக்கூட இல்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருடம் உன் அம்மா நடுவில் நின்று, ‘அப்பா கேக்கறாரு’, ‘தம்பி சொல்றான்’ என்று பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நோய் தலைவலியாக ஆரம்பித்தது. தொழிற்சாலை இரைச்சல்தான் காரணம் என்று ஒரு மாதம் கடத்தினேன். ஒரு நாள் தூளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் திரை இறங்கியது மாதிரி ஆகி, ஐந்து நிமிடம் கழித்து விலகியது. அதன் பிறகுதான் கோயம்புத்தூர் போனோம். நெற்றிப் பொட்டில் ஓடும் ரத்தக்குழாயில் வீக்கம், கண்ணுக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் பார்வை திரும்பாது, இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் அதோடு நிறுத்தவில்லை. உன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“பெரிய டோஸுங்க. சக்கரை ஏறும், மூஞ்சி உப்பும். அதெல்லாம் பாத்துக்கலாம். இன்னொண்ணு இருக்குதுங்க. சிலபேருக்கு மனசு ஒரு நிலையில இருக்காது. தூக்கம் போயிரும், பேச்சு அதிகமாகும், சந்தேகம் வரும். ஊட்டுல இருக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருங்க. மாறுனது உங்களுக்குத் தெரியாது. அவங்கதான் எங்ககிட்டச் சொல்லோணும்.”

சரிங்க என்றேன். வெளியே வந்து உன் அம்மாவிடம் சர்க்கரையைப் பற்றியும் முகம் உப்புவதைப் பற்றியும் சொன்னேன். மனதைப் பற்றிச் சொல்லவில்லை. அதெல்லாம் சட்டென்று அழுகிறவர்களுக்கும் கோபப்படுகிறவர்களுக்கும் வருவது, எனக்கு வராது என்று நினைத்தேன். எனக்குப் புத்தி பிசகலாம் என்று மனைவியிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. என் முதல் தவறு இது. அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அடுத்து நடந்ததில் பாதி நடந்திருக்காது.

நாலாம் நாளிலிருந்து தூக்கம் குறைந்தது. இரண்டு மணி நேரம் தூங்கினால் போதுமாக இருந்தது. அசதியே தெரியவில்லை. தலைவலி போயிருந்தது, பசி நன்றாக எடுத்தது, வேலைக்குக் கிளம்பும்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லோரையும் எனக்குப் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் இலை புளிக்கிற வாசனையை வைத்தே அது எத்தனை நிமிடம் புளித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என எனக்குப் புதிதாக ஒன்று புலப்பட்டது. அதை இரண்டு நோட்டு முழுக்க எழுதினேன். விடியற்காலையில் மேனேஜரை போனில் எழுப்பி வாசித்துக் காட்டினேன். பிறகு, குணமான பின்பு, அந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். உளறல் என்று சொல்ல முடியாது. ஒரே விஷயத்தை நாற்பது பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த உற்சாகத்துக்குள் இருந்தவனுக்கு ஒவ்வொரு பக்கமும் புதிதாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், ஊட்டி போய், கல்லட்டி வழியாக மசினகுடிக்கு பஸ் ஏறினேன். ரிசார்ட் வாசலில் நீ பெங்களூர்க் குடும்பம் ஒன்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் அவர்களிடம் போய்ப் பேசினேன்.

“இவன் என் பையனுங்க. நான் முப்பது வருசம் எலையைப் பாத்துக் கத்துக்கிட்டதை இவன் ரெண்டு வருசத்துல காட்டைப் பாத்துக் கத்துக்கிட்டான். நான்தானுங்க இவனைத் தப்பா நெனச்சுட்டேன்.”

பிறகு உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ நடக்கக் கற்றுக்கொண்ட பிறகு நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நீ விறைத்து நின்றாய். கொஞ்ச நேரம் கழித்து உன் கை என் முதுகில் பட்டது.

“ஏனுங்கப்பா, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?” என்று காதோரம் கேட்டாய்.

“ஒடம்பு நல்லாருக்குது தம்பி. இப்பத்தான் நல்லாருக்குது.”

ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். அந்தக் குடும்பம் அன்று ஒரு மானைக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு நான்தான் காரணம். நீ ஒரு தடவைகூட என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனில், ‘அப்பா வந்திருந்தாருங்கம்மா’ என்று மட்டும் சொன்னாயாம். அவள் அழுதிருக்கிறாள். யாருக்கும் இது நோய் என்று தோன்றவில்லை. ஒருவன் சந்தோஷமாக இருந்தால் வீட்டில் யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை.

அதற்குப் பிறகு நீ இரண்டு நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தாய். என் மாத்திரைகளை நீதான் மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்தாய். மூன்றாவது வாரம் கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். அட்டையின் நிறம் மாறியிருந்தது. அன்று நீயும் அம்மாவும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் தூங்குவதில்லை என்பதைத்தான் பேசியிருப்பீர்கள். எனக்கு அந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. அட்டை மாறியது, குரல் தாழ்ந்தது, இரண்டு வருடம் வராதவன் இப்போது அடிக்கடி வருகிறான். கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது. பயமாகக்கூட இல்லை. தொழிற்சாலையில் ஒரு குறையைக் கண்டுபிடிக்கும்போது வரும் நிதானம்தான் வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். சந்தேகம் என்றால் மனம் அலைபாயும் என்று நினைப்போம். எனக்கு எதிலும் அவ்வளவு உறுதி அதற்கு முன் இருந்ததில்லை.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, பின்பக்கம் போய்த் துப்பினேன். நாலு நாள் இப்படிச் செய்தேன். ஐந்தாம் நாள் காலையில், துப்பிக் காய வைத்த மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் மகன் எனக்கு விஷம் வைக்கிறான் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். உன்னை போனில் கூப்பிட்டார். நீ மசினகுடியிலிருந்து வந்து சேரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ வீட்டுக்குப் போய் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாய்.

“ஐயா, இந்தத் தம்பி உங்களுக்கு என்ன குடுத்தாரு? அவர் முன்னாடியே சொல்லுங்க” என்றார் அவர்.

நான் சொன்னதை இங்கே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. “படிப்பை உட்டவனுக்கு என் ஊடு வேணும். என் கண்ணு போச்சுன்னா எதுல வேணும்னாலும் கையெழுத்து வாங்கிக்கலாம்னு பாக்கறான். இவன் அம்மாளும் கூட்டு. இவன் என் பையனே இல்லைன்னு எழுதிக்குங்க.”

உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் உன்னைப் பார்த்து, “நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா?” என்றார். வாசலில் அரசாங்க ஜீப் டிரைவர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“அப்பா மூணு வாரமாத் தூங்கலைங்க மேடம்” என்றாய். “எனக்கு எதுவும் சொல்றதுக்கில்லைங்க. மொதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். கை நடுங்குது பாருங்க.”

என் கை நடுங்குவதை நீ சொன்ன பிறகுதான் நானே பார்த்தேன். எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. மூன்று வாரம் பெரிய அளவில் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காது, ரத்த அழுத்தம் விழுந்துவிடும், உயிருக்கே ஆபத்து என்று பிறகு டாக்டர் விளக்கினார். ஸ்டேஷன் ஜீப்பில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்களாம். என் தலையை நீ மடியில் வைத்திருந்தாய் என்று அம்மா சொன்னாள். நிறுத்திய அந்த நாலு நாளுக்குள் இடது கண்ணில் கீழ்ப்பாதிப் பார்வை போய்விட்டது. அது திரும்பவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அதே மருந்தை ஊசி வழியாக மறுபடி கொடுத்தார்கள். மனநல டாக்டர் ஒருவர் வந்து, தினமும் ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார். சந்தேகம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு காலையில் நீ கொடுத்த இட்லியை யோசிக்காமல் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான், யோசிக்காமல் சாப்பிட்டோம் என்பது உறைத்தது. அன்று பத்தாவது நாள். அதற்குப் பின்னால் வந்தது வெட்கம். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன் என்பது உனக்கே தெரியும்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், பர்லியாறு தாண்டியதும், நீ ஜீப்பை ஓட்டிக்கொண்டே கேட்டாய். அம்மா பின்னால் தூங்கிவிட்டிருந்தாள்.

“ஸ்டேசன்ல பேசுனது மருந்துன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா. அதை நான் மனசுல வெச்சுக்கலை. மசினகுடிக்கு வந்து சொன்னீங்களே, அதும் மருந்துதானுங்களா?”

“எல்லாமே மருந்துதான். விடு” என்றேன்.

நீ கியரை மாற்றினாய். அதன் பிறகு, அடிக்கடி வந்துகொண்டிருந்தவன் மாதம் ஒரு தடவை வந்தாய், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தாய். அந்தப் பதில்தான் என் இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது. முதலாவதைச் செய்யும்போது அது தவறு என்று எனக்குத் தெரியாது. இதைத் தெரிந்தே செய்தேன். மசினகுடியில் பேசியது நான்தான் என்று ஒத்துக்கொண்டால், ஸ்டேஷனில் பேசியதிலும் எனக்குப் பங்கு உண்டா என்று நீ அடுத்துக் கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அதனால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி மருந்தின் தலையில் போட்டுவிட்டேன்.

இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் தலைவலி வருவதற்கு ஏழெட்டு மாதம் முன்பு, கூட வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டு மசினகுடிக்கு வந்தேன். அப்படிக் கிரகப்பிரவேசம் எதுவும் இல்லை. ரிசார்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். உன் ஜீப் காட்டிலிருந்து திரும்பி வந்தது. அதில் கைத்தடியோடு ஒரு பெரியவர். இறங்கப் பயந்தார். பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். நீ இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி, அவர் தானாகக் காலைக் கீழே வைக்கிறவரை பக்கத்தில் நின்றாய். அவரைப் பிடித்து இறக்கவில்லை, தோளை மட்டும் கொடுத்தாய். நான் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பையன் நல்லா இருக்கான், நான்தான் தப்பா நெனச்சுட்டேன் என்று அந்த பஸ்ஸில்தான் நினைத்தேன். அன்று நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. நினைத்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்து வந்து வாயைத் திறந்துவிட்டது. சொன்னது நான்.

அப்படியானால் ஸ்டேஷனில் பேசியது யார் என்று கேட்பாய். நீ விஷம் வைப்பாய் என்று மாத்திரைக்கு முன் நான் ஒருநாளும் நினைத்தவன் இல்லை, அது மருந்து கட்டிய கதை. ஆனால் யாரையும் முழுதாக நம்பாமல், ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே முப்பது வருடம் வாழ்ந்தவன் நான். அந்தக் கதை நிற்பதற்கு என் சுபாவம் தோதாக இருந்தது. நல்லதை மட்டும் என்னுடையது என்று எடுத்துக்கொண்டு கெட்டதை முழுக்க மாத்திரைக்குக் கொடுத்தால் அது நியாயமாக இருக்காது. மனநல டாக்டரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். “உள்ள இருந்ததைத்தான் மருந்து வெளிய எடுத்துச்சுன்னும் சொல்ல முடியாதுங்க, எல்லாத்தையும் அதுவே உண்டாக்குச்சுன்னும் சொல்ல முடியாது. நீங்க இப்ப எதை உங்களுதுன்னு வெச்சுக்கறீங்களோ, அதைப் பாருங்க” என்றார். அன்று அது நழுவுகிற பதிலாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

நாளையிலிருந்து என்ன செய்வது என்று சொல்கிறேன். இந்த முறை டாக்டர் சொன்னதை உன் அம்மாவும் கூடவே உட்கார்ந்து கேட்டாள். அளவு போன தடவையைவிடக் குறைவு. மனநல மாத்திரையையும் முதல் நாளிலேயே சேர்த்திருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால், எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும், உன் அம்மா டாக்டருக்கு போன் செய்வாள். அவள் தயங்கினால் நீ செய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்வேன், அதைக் கேட்காதே. என்னிடம் வாதாடவும் வேண்டாம், வாதத்தில் நான்தான் ஜெயிப்பேன். மாத்திரையை விழுங்குகிறேனா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், எனக்கு அதில் அவமானம் இல்லை. எது நடந்தாலும் டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த விடாதே. உன்னைப் பார்த்து நான் என்ன சொன்னாலும் சரி, நீ என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்று மதியம் கூடலூருக்கு ரேவதியின் அப்பாவுக்கும் போன் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், ஸ்டேஷனையும் சேர்த்து. அவர் கடையில் இருந்தார். வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இது பரம்பரையா வருமாங்க?” என்றார்.

“மாத்திரை சாப்பிட்டாத்தானுங்க வரும். பையனுக்கு ஒண்ணுமில்லீங்க.”

பிறகு, “அன்னைக்கு ஸ்டேசன்ல தம்பி என்ன பேசுனாருன்னு சொன்னீங்க, அதை இன்னொருக்கா சொல்லுங்க” என்றார். சொன்னேன். “அப்ப தேதியை மாத்த வேண்டாங்க” என்று போனை வைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று மாத்திரை அளவு குறைந்திருக்கும் என்கிறார் டாக்டர். முகம் உப்பித்தான் இருக்கும். போட்டோவில் யாரோ போல நிற்பேன், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. கொஞ்சம் அதிகமாகப் பேசவும் கூடும். அவரை மைக் பக்கம் விடாதே என்று அம்மா சொல்வாள், அவள் சொல்வது சரி. ஆனால் மண்டபத்தில் எங்காவது ஒரு மூலையில் யாரையாவது பிடித்து நிறுத்தி, உன்னைப் பற்றி நான் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், உடனே வந்து கையைப் பிடித்து இழுக்காதே. நான் சொல்லி முடிக்கட்டும். பிறகு பந்திக்குக் கூட்டிக்கொண்டு போ.

அப்பா